தொந்திக்கு ஒரு ஸ்துதி

மனிதனுக்குத் தொந்தி விழுந்தால் வைத்தியரிடம் விரட்டும் இவ்வுலகம், மடகாஸ்கர் தீவின் இசாலோ பாறைகளில் வெயிலையும் வறட்சியையும் தாங்கிப் பல ஆண்டுகளாக மெல்லப் பருத்த பாக்கிபோடியச் செடியின் தொந்திக்கு மட்டும் பொன்னைக் கொட்டிக் கொடுப்பது நமது நாகரிகத்தின் பரம ஔதார்யமன்றோ! விதையிட்டுக் காத்திருப்பது பாமரர் காரியம். டோக்கியோ நகரத்து ரசிகசிகாமணியோ, பாறையிலிருந்து பெயர்த்து வேரறுத்த செடியை விமானத்தில் வரவழைத்து, கரிய சட்டியில் பிரதிஷ்டை செய்து, இயற்கையின்மீது தமக்குள்ள அபாரப் பிரேமையை எண்ணிக் கண்ணீர் மல்குகிறார். அப்பிரேமையை மெச்சியே, அந்த இனம் முழுவதையும் சர்வதேச வர்த்தக உடன்படிக்கையின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்திருக்கிறார்கள் போலும். ரசிகசிகாமணி தினமும் காலையில் தம் செடியின் வயிற்றைக் கட்டைவிரலால் பக்தியோடு அழுத்திப் பார்ப்பார்; கல்போலிருக்கும். சேமித்த நீரைக் கொண்டு வேரில்லாமலே இலையும் விட்டது.

நேற்று விரல் உள்ளே போயிற்று.