ஓடும்போதா, நிக்கும்போதா?

கட்டபெட்டு ஜங்ஷனில் மாதிரி ரயில் செய்யும் எங்கள் சாருக்குக் கம்ப்ரஸர் வந்தாயிற்று. ஏர்பிரஷ் வந்தாயிற்று: 0.3 மில்லிமீட்டர் நாசில், டபுள் ஆக்‌ஷன். நீலப் பெயிண்ட், கிரீம் பெயிண்ட், தின்னர், முகமூடி எல்லாம் அலமாரியில் அடுக்கியிருக்கிறது. காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்தான் இன்னும் முடிவாகவில்லை. கட்டபெட்டு சார் இருக்கும்வரை முடிவாகவும் போவதில்லை.

அவர் செய்திருப்பது நம் ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் எஞ்சின், முழங்கை நீளத்தில். பல்சக்கரம் முதற்கொண்டு கையால் அறுத்து ஒட்டியது. குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் வருஷக்கணக்காகச் சாம்பல் பிரைமரிலேயே நிற்கிறது. பொன்மலை ரயில்வே பணிமனைக்காரர்கள் இதற்குள் நிஜ எஞ்சினையே புதிதாகச் செய்து, பெயிண்ட் அடித்து, மலையேற்றி அனுப்பிவிட்டார்கள். இதைச் சொல்லிக் காட்டினால் சாருக்குக் கோபம் வராது. “1899-ல குன்னூருக்கு வந்த ரயில், ஊட்டி போய்ச் சேர 1908 ஆச்சு தம்பி. அவசரப்பட்டா தடம் புரளும்” என்பார்.

அவரிடம் மாட்டிக்கொள்ள ஒரு எண்ணைச் சொன்னால் போதும். “நான் 20 பிஎஸ்ஐ-ல அடிக்கிறேன் சார்” என்று சொல்லிப் பாருங்கள். டீ கிளாஸை பெஞ்சில் வைப்பார். ஸ்வெட்டர் பையிலிருந்து ஒரு ரெகுலேட்டரை எடுப்பார். கைக்குட்டையில் சுற்றி எப்போதும் ஒன்று வைத்திருப்பார். பிறகு கேட்பார்: “எது 20? ஓடும்போதா, நிக்கும்போதா?”

கேள்வி நியாயமானதுதான். பிரஷ்ஷின் விசையை அழுத்தாமல் முள் 20-ல் நிற்கும்; அழுத்திக் காற்று ஓட ஆரம்பித்ததும் சரசரவென்று இறங்கி 15-க்கு வந்துவிடும். பெயிண்டுக்குக் கிடைப்பது அந்த 15தான். அதனால் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் குமிழைத் திருகி அளவு வைக்க வேண்டும். இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். சார் சொல்லி முடிப்பதற்குள் கோத்தகிரி வண்டி, குன்னூர் வண்டி, ஊட்டி வண்டி மூன்றும் ஜங்ஷனைத் தாண்டிப் போயிருக்கும்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. டாக்டர் பிரஷர் பார்த்து “120-க்கு 80, நல்லா இருக்கு” என்றால், “உட்கார்ந்திருக்கும்போது சரிங்க. மேடு ஏறும்போது எவ்வளவு?” என்கிறார். பச்சைத் தேயிலை இன்றைக்குக் கிலோ என்ன விலை என்று பக்கத்து பெஞ்சில் யாரோ யாரையோ கேட்டால், நடுவில் புகுந்து “நனைஞ்ச இலையா, காஞ்ச இலையா?” என்கிறார். வீட்டம்மா “சாப்பிட வர்றீங்களா?” என்று கூப்பிட்டபோது என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் வெளியே டீக்கடையில்தான் சாப்பிட்டார்.

அளவுமானிகள் தனிக் கதை. மேஜை மேல் நாலு கேஜ்களை ஒரே குழாயில் வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார். ஒன்று 18 காட்டும், ஒன்று 20, ஒன்று 21. நாலாவது எதையும் காட்டாது. அதை நகத்தால் தட்டினால் 19 காட்டும். தட்டிக்கொண்டே இருப்பார். ஒருநாள் நாலையும் தூக்கிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போய், அங்கிருந்த கேஜோடு ஒப்பிட்டுப் பார்த்து, “தம்பி, உன்னோடது ஒண்ணரை பாயின்ட் கூட காட்டுது” என்று அறிவித்தார். “லாரிக்கு அது போதும்ங்கண்ணா” என்றான் பையன். சார் பதிலுக்கு, 150 வரை எண் போட்ட கேஜில் நமக்கு வேண்டிய 15-க்கும் 20-க்கும் நடுவே நகக்கண் அளவுதான் இடம் இருக்கும், பொடி வேலைக்கு 60-ல் முடிகிற கேஜ்தான் வாங்க வேண்டும் என்றார். சரியான பேச்சு. காற்று அடிக்க நின்றிருந்த ஜீப்காரர்தான் பாவம்.

ஆறாயிரம் அடி உயரம் வேறு அவருக்குத் தோதாகிவிட்டது. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ, இங்கே 12-க்குக் கிட்டத்தட்ட. அதனால் கோவையில் நாலு நிமிஷத்தில் நிரம்பும் மூணு லிட்டர் டாங்க் இங்கே நிரம்ப அஞ்சு நிமிஷம் ஆகும். மூன்று பார் அழுத்தத்துக்கு இறங்கினால் தானே ஓட ஆரம்பித்து, நாலு பாரில் தானே நிற்கும் கம்ப்ரஸருக்கு ஒரு நிமிஷம் கூடுதலாக ஓடுவதில் வருத்தமில்லை. சாருக்குத்தான் வருத்தம்.

கம்ப்ரஸருக்குப் பேர்போன கோவையிலிருந்து ஒரு ஹட்டிக் கிராமத்துப் பையன் மூன்று பாகம் வைத்த செட் ஒன்றை ஆசையாக வாங்கி வந்தான், ஹெல்மெட்டுக்குப் படம் போட. வடிகட்டி, ரெகுலேட்டர், மூன்றாவது பாகம் எண்ணெய் விடுவதற்கு. சார் அதைப் பார்த்துப் பதறிப்போனார். அந்த எண்ணெய், காற்றில் ஓடும் ஸ்பேனர் மாதிரிக் கருவிகளுக்காக. பெயிண்டில் கலந்தால் பூச்சு மீன் கண் மீன் கண்ணாய் விலகிப்போகும். பையன் மூன்றாவது பாகத்தைக் கழற்றிவிட்டு அன்று சாயங்காலமே படம் போட்டான். குன்னூரில் வீட்டில் கேக் செய்து விற்கும் பெண் ஒருத்தியும், கேக்குக்குக் கலர் அடிக்க எந்த ரெகுலேட்டர் வாங்கலாம் என்று யோசனை கேட்க வந்தாள். ரிலீவிங் வகை வாங்கு, குமிழைக் குறைத்தால் மிச்சக் காற்றை அதுவே ‘புஸ்’ஸென்று வெளியே விடும், மற்றதில் பழைய அழுத்தம் ஹோஸிலேயே உட்கார்ந்திருக்கும் என்று செய்து காட்டினார். புஸ், புஸ், புஸ். வீட்டம்மா சமையலறையிலிருந்து, “எங்க கேஸ் சிலிண்டர்லயும் ரெகுலேட்டர் இருக்கு பாப்பா. திருப்பினா எரியும்” என்றார். அந்தப் பெண் ரோஜாக் கலர் கேக்குகள் விற்றுக்கொண்டிருக்கிறாள்.

இந்த மனிதரை முழுதாகத் திட்டவும் முடியவில்லை. போன மழையில் நான் என் மாதிரி ரயிலின் ஒரு போகிக்கு நீலம் அடித்தபோது பிரஷ் பெயிண்டோடு தண்ணீரையும் துப்பியது. ரெகுலேட்டரில் வடிகட்டி இருக்கிறதே என்றேன். “காத்து அமுங்கும்போது சூடாகும். ஹோஸ்ல போகப் போக ஆறும், ஆறினா தண்ணியா நிக்கும். இந்தப் பனிமூட்டத்துல ரெகுலேட்டர்கிட்ட வடிகட்டினா பத்தாது தம்பி, பிரஷ்ஷுக்குக் கீழயே ஒரு மாய்ஸ்சர் ட்ராப் போடு” என்றார். போட்டேன். ஒரு சொட்டு விழவில்லை. அவர் அந்த போகியைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எந்த அழுத்தத்துல அடிச்சே?” என்று கேட்கக்கூட இல்லை.

கேட்டது வேறொன்றை. அந்த ட்ராப்பை. “உள்ள எவ்வளவு அழுத்தம் விழுதுன்னு பார்த்துட்டுத் தர்றேன்” என்று ஆனி மாதம் வாங்கிக்கொண்டு போனார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ட்ராப் அவர் மேஜையில், புதிதாகச் சேர்ந்திருக்கும் ஐந்தாவது கேஜுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது; நானே கண்ணால் பார்த்தேன். என் அரைக்கால் இஞ்ச் ஹோஸும் அங்கேதான் இருக்கிறது, வாஷரோடு.

சார், நாலு போகி பாக்கி இருக்கிறது. திறந்த பெயிண்ட் கட்டியாகிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வர வேண்டாம், விளக்கமும் வேண்டாம். ஒரு கவரில் போட்டு கோத்தகிரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுங்கள், ஸ்டாண்டில் நான் வாங்கிக்கொள்கிறேன். வாஷரை மறந்துவிடாதீர்கள்.