மருமவனுக்கு டவுட்டு வந்தா

வாடே மருமவனே, உக்காரு. மெட்ராஸ்ல வெள்ளக்காரன் கம்பெனியில வேல, நித்தம் தொரைக்கு மெயில் எழுதுதியாம். எந்தங்கச்சி தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுதா. நீ எழுதுன ஒரு மெயிலப் பத்தியும் காதுல விழுந்துச்சு. ஆபீஸ் லேப்டாப்பப் பக்கத்து சீட்டுக்காரன்தான் அமுக்கியிருப்பான்னு ஒனக்கு உள்ளுக்குள்ள ஒரு இது. ஒடனே தொரைக்கு, அவன் எடுத்தான்னு ‘ஐ டவுட்’னு எழுதிப் போட்டுட்ட. தொர அதப் படிச்சுட்டு, கூட வேல பாக்கவனுக்குப் பரிஞ்சு பேசுத நல்ல மனசுக்காரப் பயன்னு ஒன்னப் பாராட்டுனாராம்லா! கள்ளனக் காட்டிக் குடுக்கப் போயி அவனுக்கு ஜாமீன் எழுதிட்டு வந்த மொத ஆளு நம்ம வம்சத்துல நீதாம்டே.

நான் கோர்ட்டுல டவாலியா நின்னு பேரு கூப்பிட்டவன். வக்கீல்மாருக இங்கிலீசக் கேட்டே தல நரைச்சவன். அந்த உரிமையில சொல்லுதேன், கேட்டுக்கோ. நமக்கு எல்லாமே சந்தேகம்தான். புருசன் பொண்டாட்டி மேல படுததும் சந்தேகம், கணக்குப் புரியாம வாத்தியார்ட்டக் கேக்கதும் சந்தேகம், சாயங்காலம் மழ வருமாங்கதும் சந்தேகம். வெள்ளக்காரன் அதுல பாகப்பிரிவினை பண்ணி வச்சிருக்கான். ‘டவுட்’டுன்னா இருக்காதுங்க பக்கம் சாயுதான். ‘சஸ்பெக்ட்’டுன்னா இருக்கும்ங்க பக்கம் சாயுதான். ரெண்டும் ஒண்ணுதானன்னு நீ மாத்திப் போட்டா, குத்தவாளி வெளிய வந்துருவான், நீ உள்ள போவ.

மொத வார்த்த லத்தீன்ல ரெண்டுங்கதுக்குச் சொந்தக்காரி. அதாவது மனசு ரெண்டுபட்டு நிக்கது. மத்தது கீழருந்து மேல பாக்கது. திண்ணையில குனிஞ்சு வெத்தல இடிச்சுக்கிட்டே, தெருவுல போறவள ஒங்க ஆச்சி ஒரு பார்வ பாப்பாளே, அதேதான். இன்னொண்ணு கேளு. பழைய இங்கிலீசுல டவுட்டுக்கு நடுவுல ‘பி’யே கெடையாது. லத்தீன் படிச்ச மேதாவிக, தாத்தன் சொத்து போயிரக் கூடாதுன்னு பொறவு அதச் சொருகுனாங்க. அத வாயத் தொறந்து சொல்லணும்னு மல்லுக்கு நிக்க ஒரு வாத்தியாரையும் சேக்ஸ்பியர் தன் நாடகத்துல வச்சுக் கேலி பண்ணியிருக்காரு. நம்மாளு தமிழ்ல எழுதும்போதே அத உருவிப் போட்டுட்டான். எவனும் வழக்குப் போடல.

எம்பேத்தி ஸ்காட்லாந்துல படிக்கால்லா, அவ கதை வேற. அங்கன வீட்டுக்காரக் கெழவி வானத்தப் பாத்துட்டு, மழ வரும்னு ‘ஐ டவுட்’னுச்சாம். வராதுன்னுட்டாளேன்னு இவ கொடைய வச்சுட்டுப் போயி, நனைஞ்ச கோழியாத் திரும்பியிருக்கா. ஸ்காட்லாந்துக்காரனுக்கு அந்த வார்த்தைக்கு ‘வரும்னுதான் தோணுது’ன்னு அர்த்தமாம். அதனால மருமவனே, ஒந்தொரைக்கு எந்த ஊருன்னு மொதல்ல வெசாரிச்சுக்கோ.

கூட்டத்துல எந்திரிச்சு ‘ஐ ஹேவ் எ டவுட்’ங்கியே, அத விட்டுரு. நம்ம பள்ளிக்கூடத்துல அது கேள்வி. அமெரிக்காக்காரன் காதுக்கு, ‘நீ சொல்லுதத நான் நம்பல’ன்னு கேக்கும். இல்ல, விடாமத்தான் சொல்லேன். பய அரண்டு போயி, கணக்க இன்னொரு தரம் சரிபாத்துட்டு வருவான்.

இந்த ரெண்டு வார்த்தையும் ஒரே மைதானத்துல எப்படி வெளையாடும்னு பாக்கணும்னா கிரிக்கெட்டுதான் சரி. எல்பிடபிள்யூ கேக்காங்க. அம்பயருக்கு டவுட்டுன்னா பலன் பேட்ஸ்மேனுக்கு. காலங்காலமா அதான் மரபு. 1995 டிசம்பர் 26-ல மெல்போர்ன்ல நம்ம கண்டிப் பய முரளிதரன் பந்து போடுதான். டாரல் ஹேருங்க அம்பயர், கைய மடக்கி எறியுதான்னு 7 தடவ நோ-பால் குடுத்தாரு. அப்ப இருந்த விதி என்ன சொல்லிச்சு தெரியுமா? பந்து ஒழுங்காத்தான் போடப்பட்டுதுன்னு அம்பயருக்கு முழுத் திருப்தி இல்லன்னா நோ-பால். அதாவது மட்ட வச்சிருக்கவனுக்கு டவுட்டு வந்தா விடுதலை, பந்து வச்சிருக்கவன் மேல சஸ்பெக்ட்டு வந்தா தண்டனை. ஒரே ஆட்டம், ஒரே அம்பயர், ரெண்டு சட்டம். பந்துவீச்சுக்காரன் பாட்டாளில்லா, அதான்! பொறவு சோதிச்சுப் பாத்தா, பெறவியிலயே அவன் முழங்கைய முழுசா நீட்ட முடியாதுன்னு தெரிஞ்சுது. 15 டிகிரி வரைக்கும் எல்லாரும் மடக்கலாம்னு 2005-ல விதியவே மாத்துனாங்க. அவன் 2010-ல காலியில 800-வது டெஸ்ட் விக்கெட்ட எடுத்துட்டு டெஸ்ட் ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டான். ‘சஸ்பெக்ட் ஆக்‌ஷன்’னு பேசுத பயக இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கானுவ.

கோர்ட்டுக்கு வருவோம். இங்கிலாந்துல உல்மிங்டன்னு ஒரு பண்ணையாள், 21 வயசு, பொண்டாட்டியச் சுட்டுட்டான்னு கேசு. தற்செயலா வெடிச்சுதுன்னு அவனே நிரூபிக்கணும்னுட்டாரு ஜட்ஜு, தூக்குத் தண்டனையும் ஆச்சு. 1935-ல பிரபுக்கள் சபை அத ஒடைச்சுது. நிரூபிக்கது அரசாங்கத்து வேல, நியாயமான டவுட்டு மிஞ்சுனா ஆள விடுன்னுட்டாங்க. நம்ம சுப்ரீம் கோர்ட்டும் சந்தேகம் எவ்வளவு வலுத்தாலும் அது சாட்சியாகாதுன்னு சொல்லிச் சொல்லி அலுத்துருச்சு.

ஆனா அங்கனதாம்டே சூச்சுமம். ‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை’ன்னு பேப்பர்ல படிச்சுட்டு, அப்பாடா தப்பிச்சான்னு நெனைக்க. அவன் பொறவு நம்ம தமிழ்நாட்டு போலீசு வேலைக்கு மனுப் போடட்டும் பாப்போம். அப்பிடி விடுதலையானவனையும் கிரிமினல் வழக்குல சம்பந்தப்பட்டவனாத்தான் எடுத்துக்கணும்னு விதியிலயே எழுதி வச்சிருக்கான். கோர்ட்டுல குடுத்த டவுட்ட ஆபீசுல சஸ்பெக்ட்டா மாத்திக்கிடுதாங்க. அதனாலதான் வெவரமான வக்கீலு, விடுதலை மட்டும் போதாது, ‘ஹானரபிளா’ குடுங்க எசமான்னு கெஞ்சுவாரு. வெவரமில்லாதவரு தோள்ல துண்டப் போட்டுட்டு டீக்கடைக்குப் போயிருவாரு.

‘சஸ்பீசியஸ்’னு ஒரு சொல்லு இருக்கு, ரெட்டத் தல. சந்தேகப்படுதவனுக்கும் அதே பேரு, சந்தேகத்துக்கு ஆளானவனுக்கும் அதே பேரு. மேனேஜர் சஸ்பீசியஸ்னு எழுதிப்பாரு. அவரு ஒன்னச் சந்தேகப்படுதாரா, நீ அவரச் சந்தேகப்படுதியான்னு படிக்கவன் முழிப்பான். மாட்டிக்கிட்டா, எது சௌரியமோ அந்தத் தலையக் காட்டித் தப்பிச்சுக்கலாம். வேலையில நெலைச்சு நிக்கணும்னா இந்த மாதிரி நாலு சொல்லு கைவசம் வேணும்.

கடைசியா, ‘நோ டவுட்’. சந்தேகமே இல்லன்னுதான் அர்த்தம்னு அகராதிய நம்பிராத. சந்தேகமே இல்லாதவன் அத ஏன் வாய்விட்டுச் சொல்லப் போறான்? சம்பள உயர்வு பேசுத அன்னைக்கு ஒந்தொர சிரிச்ச மொகமா, நோ டவுட், யூ ஒர்க்டு வெரி ஹார்டுன்னு ஆரம்பிப்பாரு. பின்னாலயே ‘பட்’டுன்னு ஒண்ணு வரும். அது வருமுன்ன அவரு வாங்கிக் குடுத்த காப்பியக் குடிச்சு முடிச்சுரு.