பழுதறிஞர்

சொகுசுக் கப்பலில் சுற்றுலா செல்வோரை உண்பவர், உறங்குபவர், பொழுது விடியுமுன்பே நீச்சல்குளத்து நாற்காலியில் துண்டைப் போட்டு இடம்பிடிப்பவர் என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம் எனினும், கப்பலில் ஏதேனும் பழுதாகும்வரை கண்ணில் படாமல் இருந்து, பழுதான கணத்திலிருந்து எல்லாத் தளங்களிலும் நிறைந்துவிடுகிற நான்காம் வகையைச் சேர்ந்த ஒருவர் உண்டு. வசதிக்காக இவரைப் பழுதறிஞர் எனலாம். மயாமியிலிருந்தோ ஃபோர்ட் லாடர்டேலிலிருந்தோ கரீபியன் தீவுகளுக்குப் புறப்படும் கப்பல்களிலும், சவுத்தாம்ப்டனிலிருந்து மத்தியதரைக் கடலுக்குச் செல்லும் கப்பல்களிலும் இவரைக் காணலாம். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற அமெரிக்கராகவோ ஆங்கிலேயராகவோ இருப்பார். காப்பீட்டு நிறுவனத்திலோ பள்ளி நிர்வாகத்திலோ காலம் கழித்தவரே தவிர எஞ்சின் அறைக்குள் கால் வைத்தவரல்லர். எஞ்சின் அறையில் உண்மையாகவே உழைத்து ஓய்வுபெற்ற பொறியாளர்களும் இக்கப்பல்களில் வருவதுண்டு; ஆனால் அவர்கள் பழுது நேரும்போது வாயைத் திறப்பதில்லை என்பதால் இரு சாராரையும் பிரித்தறிவதில் சிரமம் இல்லை.

பயணத்தின் முதலிரு நாள்கள் பழுதறிஞருக்குச் சோதனைக் காலமாகும். கப்பல் குறித்த நேரத்தில் புறப்பட்டு, குறித்த வேகத்தில் சென்று, சூப்பும் சூடாகவே வந்துகொண்டிருக்கும் இடத்தில் அவரிடம் யோசனை கேட்க எவருக்கும் தேவை எழுவதில்லை. எனவே அறைத் தொலைக்காட்சியில் கப்பலின் இருப்பிடத்தையும் வேகத்தையும் காட்டும் அலைவரிசையை, மற்றவர் கிரிக்கெட் பார்ப்பதைப் போல, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் விடியற்காலையில் அத்திரையில் 22 நாட் என்றிருந்த வேகம் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்) 16 ஆகக் குறைந்திருப்பதைக் கண்டதும், மேசைமேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து அதன் மேற்பரப்பில் ஓடும் நடுக்கத்தைக் குனிந்து ஆராய்ந்து, பின் கப்பலின் பின்தளத்திற்கு விரைந்து, கடலில் விழும் வெண்ணுரைத் தடம் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். காலைச் சிற்றுண்டிக்கு வரும்போது அவருக்கு வயது பத்தாவது குறைந்திருக்கும்.

நண்பகலில் ஒலிபெருக்கி வழியே கேப்டன் பயணிகளிடம் பேசுவது கப்பல்களின் நெடுநாள் மரபு. அவ்வுரைக்கு உடனுக்குடன் பொழிப்புரை வழங்குவதே பழுதறிஞரின் தலையாய பணி. "தொழில்நுட்பக் காரணங்களால்" என்று கேப்டன் தொடங்கினால், காரணம் அவர்களுக்கே இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். "செயல்பாட்டுக் காரணங்களால்" என்றால் காரணம் பிடிபட்டுவிட்டது, சொல்வதற்கில்லை என்று பொருள். "முன்னெச்சரிக்கையாக மட்டுமே" என்ற தொடர் வந்துவிட்டால் அடுத்த துறைமுகம் கைவிட்டுப் போயிற்று என்று கொள்ள வேண்டும். இப்பொழிப்புரையில் முற்றிலும் பிழையானது என்று எதையும் சுட்ட முடியாது என்பதுதான் அவரோடு ஒரே மேசையில் உண்பவர்களின் துயரம். அதே வேளையில் சான்றுகளை அவர் கையாளும் முறை தருக்க நூலார்க்கு உடன்பாடாக இராது. ஓர் அதிகாரியின் தோள்பட்டையில் பொன்னிறக் கோடுகளுக்கு இடையே ஊதா நிறம் இருந்தால் அவர் எஞ்சின் பிரிவைச் சேர்ந்தவர் என்பது பிரிட்டிஷ் கப்பல்களின் வழக்காதலின், ஊதா அணிந்த ஒருவர் உணவுக்கூடத்தில் அவசரமாக உண்டால் பழுது பெரிது என்றும், நிதானமாக உண்டால் அதை மறைக்கிறார்கள் என்றும் அவர் முடிவு கட்டுவார்.

பழுதின் இயல்பை விளக்கும்போது அவர் காகிதக் கைக்குட்டை ஒன்றை விரித்துப் படம் வரைவார். இக்காலச் சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலானவற்றில் டீசல் எஞ்சின்கள் புரொப்பெல்லர் எனப்படும் உந்துவிசிறியை நேரடியாகச் சுழற்றுவதில்லை. அவை மின்சாரத்தை உண்டாக்க, அம்மின்சாரமே உந்துவிசிறி முதல் அடுக்களை, குளிர்சாதனம், கழிவறை வரை அனைத்தையும் இயக்குகிறது. உந்துவிசிறியைச் சுழற்றும் மின்மோட்டாரைக் கப்பலின் அடிப்பகுதிக்கு வெளியே, நீருக்குள் தொங்கும் ஒரு கூட்டில் வைத்து, அக்கூட்டையே எத்திசையிலும் திருப்பும் ஏற்பாடு 1998இல் 'கார்னிவல் எலேஷன்' என்ற கப்பலில் முதன்முதலாகச் சொகுசுக் கப்பலுக்கு வந்தது; அசிபாட் என்பது அதன் பெயர். இவ்வகைக் கூடுகளில் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்துவிட்டால் அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் கப்பலையே நீரிலிருந்து வெளியேற்றி டிரை டாக் எனப்படும் உலர்துறையில் நிறுத்த வேண்டும். அவ்வளவு பெரிய கப்பலை ஏற்கும் உலர்துறைகள் சிலவே, அவற்றிலும் இடம் நினைத்தவுடன் கிடைப்பதில்லை. ஆகவே முறை வரும்வரை கப்பல் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 22 நாட்டில் ஒரு நாளில் 528 கடல் மைல் செல்ல வேண்டிய கப்பல் 16 நாட்டில் 384 மைலே செல்லும் என்றும், குறைகிற 144 மைலைக் கடக்க மேலும் ஒன்பது மணி நேரம் வேண்டும் என்றும், காலை எட்டுக்கு வந்து மாலை ஐந்துக்குக் கிளம்புகிற ஒரு துறைமுக நிறுத்தம் துல்லியமாக அந்த ஒன்பது மணி நேரம்தான் என்றும் அவர் கைக்குட்டையில் நிறுவிக் காட்டும்போது, அத்துறைமுகத்தில் ஆமைகளோடு நீந்தப் பணம் கட்டியிருந்த எதிர் இருக்கைப் பெண்மணி எழுந்து போய்விட்டிருப்பார்.

முன்னோடி நிகழ்வுகள் அனைத்தும் அவருக்கு மனப்பாடம். 1974 ஏப்ரலில் கொதிகலன் கோளாறால் பெர்முடா அருகே நடுக்கடலில் நின்றுவிட்ட 'குயின் எலிசபெத் 2' கப்பலின் பயணிகளை ஏற்றிச்சென்ற 'சீ வெஞ்சர்', பிற்காலத்தில் 'பசிபிக் பிரின்சஸ்' என்று பெயர் மாறி அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் காதல் கப்பலாக நடித்ததை அவர் சொல்லாமல் விடமாட்டார். அவர் உள்ளத்திற்கு மிக நெருக்கமானது 2006 ஜனவரியில் ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து வெளியேறும்போது கால்வாய்க் கரையில் இடித்து ஒரு கூட்டைச் சேதப்படுத்திக்கொண்ட 'குயின் மேரி 2' நிகழ்வே. வேகம் குறைந்து துறைமுகங்கள் கைவிடப்பட்டபோது, ரியோ டி ஜெனீரோவில் இறங்க மாட்டோம் என்று பயணிகள் மிரட்டியதும், நிறுவனம் முழுக் கட்டணத்தையும் திருப்பித்தர இசைந்ததும் அவருக்குக் காவியம். மாறாக, 2013 பிப்ரவரியில் எஞ்சின் அறைத் தீயால் மின்சாரம் இழந்து, நான்காயிரத்துக்கு மேற்பட்டோருடன் மெக்சிகோ வளைகுடாவில் மிதந்து, மொபீல் துறைமுகத்துக்கு இழுத்து வரப்பட்ட 'கார்னிவல் ட்ரையம்ஃப்' பற்றி அவர் சுருக்கமாகவே பேசுவார். கழிவறைகளும் செயலிழந்த அக்கப்பலில் நிலைமையை விளக்க அறிஞர் எவரும் தேவைப்படவில்லை. மூக்கே போதுமானதாக இருந்தது. அதே ஆண்டு மே மாதம் சொகுசுக் கப்பல் நிறுவனங்களின் சங்கம் வெளியிட்ட பயணியர் உரிமைப் பட்டியலின் நகல் மட்டும் அவர் பெட்டியில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். எந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுத் தொகையும், பாதியில் முடிந்தால் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற வரிகளின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டிருப்பார். துறைமுகம் ஒன்று தவறுவதைப் பற்றி அவ்வரிகள் எதுவும் சொல்வதில்லை என்பதை வரவேற்பு மேசையிலுள்ள இளம்பெண் பொறுமையாக எடுத்துரைக்கும்போது, அவர் வரிசையில் பின்னால் நிற்பவர்களைத் திரும்பிப் பார்த்து அர்த்தத்தோடு புன்னகைப்பார்.

அவர் மனைவியைப் பற்றி ஆய்வாளர்கள் போதிய கவனம் செலுத்தவில்லை. பழுது என்ன, எந்தத் துறைமுகம் விடுபடும், எப்போது ஊர் திரும்பலாம் என்பன யாவும் அறையைத் துப்புரவு செய்ய வரும் பிலிப்பைன்ஸ் இளைஞர் வாயிலாக, கேப்டன் பேசுவதற்கு முந்தின மாலையே அவ்வம்மையாருக்குத் தெரிந்திருக்கும். எஞ்சின் பிரிவில் வேலை செய்யும் தம் ஊர்க்காரரோடு ஊழியர் உணவறையில் அவ்விளைஞர் தினமும் சேர்ந்து உண்பதே காரணம். கணவரின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியைக் கெடுக்க மனமின்றி அவர் இதை வெளியிடுவதில்லை. ஆனால் இறங்க முடியாது என்று தெரிந்த தீவுக்கான சுற்றுலாச் சீட்டை, வரிசை நீளுமுன் சென்று ரத்து செய்துவிட்டு வந்திருப்பார்.

மூன்றரை ஆண்டு உலகப் பயணத்துக்கென 2024 மே மாதம் பெல்ஃபாஸ்டிலிருந்து புறப்படவிருந்த 'வில்லா வீ ஒடிசி', சுக்கான் முதலிய கோளாறுகளால் செப்டம்பர் இறுதிவரை அதே ஊரில் நின்றபோது, பயணிகள் பகலில் கப்பலிலும் இரவில் விடுதியிலுமாகக் காலம் தள்ளியதைச் செய்தியில் படித்த பழுதறிஞர்கள் அனுதாபப்பட்டதாகத் தெரியவில்லை. நான்கு மாதம் நகராத கப்பலில் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு விளக்கம் சொல்லியிருக்கலாம் என்ற ஏக்கமே அவர்களிடம் மேலோங்கியிருந்திருக்கும்.

இறுதி நாளுக்கு முந்தின இரவு கதவுக்கு அடியில் நுழையும் உறையில் நிறுவனத்தின் வருத்தமும், அடுத்த பயணக் கட்டணத்தில் கழிவும் இருக்கும். இதைப் பெரும்பாலோர் கிழித்தெறிகையில், பழுதறிஞர் மறுநாள் காலை முதல் ஆளாக முன்பதிவு மேசையின் முன் அமர்ந்து, கப்பல் எப்போது உலர்துறைக்குப் போகிறது என்று விசாரிப்பார். அடுத்த அக்டோபரில் என்று பதில் வந்ததும், செப்டம்பர் கடைசியில் புறப்படும் பயணத்தில், எஞ்சின் அதிர்வு நன்றாகக் கேட்கும் கீழ்த்தளத்தில், பின்பக்கமாக ஓர் அறை கேட்டு முன்பணம் கட்டுவார்.