தெரியாதுன்னு சொல்லப்போற மாப்பிள்ளைக்கு

வாரும் மாப்ளே, திண்ணையில இரும். ஓடைக்கரைப் பிஞ்சையைப் பாதி விலைக்கு முடிக்கப் போறீராம்லா! அட்வான்சும் குடுத்தாச்சாம். வில்லங்கம் மட்டும் போட்டுப் பாக்கலையாம். கெட்டிக்காரர்வே நீரு!

1882-ல வெள்ளைக்காரன் போட்ட இந்திய டிரஸ்ட் சட்டத்தை எவனோ உம்ம காதுல ஓதியிருக்கான். டிரஸ்டி கையில இருக்க சொத்தை, அது டிரஸ்டு சொத்துன்னு தெரியாம, நல்லெண்ணத்தோட, காசு குடுத்து வாங்கினவன்கிட்டருந்து பயனாளி பிடுங்க முடியாது. அது 64-ஆம் பிரிவு. அதான் கண்ணை மூடிக்கிட்டீரு. சாணியைப் பாக்காம மிதிச்சா கால்ல ஒட்டாதுல்லா?

ஆனா உம்மளைப் போல ஆளுக்குன்னே 3-ஆம் பிரிவுல எழுதி வச்சிருக்கான். வேணும்னே விசாரிக்காம இருந்தாலும், படுமோசமா அசட்டையா இருந்தாலும் தெரிஞ்ச கணக்குதான். டிரஸ்டு பத்திரம் முறையாப் பதிவாயிருந்தா, சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கம் நீரு தலைவச்சுப் படுக்காட்டாலும், படிச்சதாவே வச்சுக்கிடும் சொத்து மாற்றுச் சட்டம்.

டிரஸ்டுன்னு தெரிஞ்சே வாங்கவும் வழி இருக்கு மாப்ளே. விக்க அதிகாரம் இருக்கான்னு பாரும். மூணு டிரஸ்டி இருந்தா, பத்திரத்துல வேற மாதிரி சொல்லாத வரைக்கும், மூணு பேரும் கையெழுத்துப் போடணும். பணத்துக்கு ரசீது வாங்கும். சூதுவாது இல்லாத வரைக்கும், 42-ஆம் பிரிவுப்படி அந்த ரசீதே போதும். வாங்கின பணத்தைப் பிள்ளைக படிப்புக்குக் கட்டினானா, சீட்டாடித் தொலைச்சானான்னு அவன் பின்னாலயே அலைய வேண்டியது உம்ம சோலி இல்லை.

கோயில் நிலத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுராதியும். 1959 அறநிலையச் சட்டம், 34-ஆம் பிரிவு: கமிஷனர் அனுமதி இல்லாம வித்தா, கிரயமே செல்லாது. அந்தச் சாமிகிட்ட உம்ம நல்லெண்ணம் வேகாது.

என்ன, எந்திரிச்சுட்டீரு? ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்தப் பிஞ்சை, விக்குதவனோட செத்துப்போன அண்ணன் தன் பிள்ளைகளுக்குன்னு உயில் எழுதி, அவனை டிரஸ்டியாப் போட்டுட்டுப் போனது. மிச்சப் பணம் குடுக்கும்போதும் கிரயம் முடிக்கும்போதும் உமக்கு இது தெரிஞ்சிருக்கப்படாது. தெரிஞ்சா 64 கைகழுவிரும்.

இப்பந் தெரிஞ்சுபோச்சுல்லா? போம், போயி வில்லங்கம் போடும்.