விசில் ஊதும் ஆள் யார்?

ஐந்தருவியில் தண்ணீர் கூடினால் போலீஸ் விசில் ஊதும். தலையில் எண்ணெய் வைத்தவரும் காய்ந்த உடம்போடு வெளியேற வேண்டியதுதான். வரம்பு எது, பார்ப்பது யார், மீறினால் என்ன செய்வது, மூன்றுக்கும் அங்கே பதில் உண்டு.

பக்கத்திலேயே மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ, டேட்டாபேஸைக் கண்காணிக்கும் மென்பொருளை உலகுக்கே விற்கிறது. அப்படி ஒன்றை வாங்கி, சுவரில் பெரிய டிவி மாட்டி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டுவதோடு நம் ஆபீஸ்களில் கண்காணிப்பு நிறைவடைகிறது. அலர்ட் மெயில்களுக்குத் தனி ஃபோல்டர். அதை எமன்கூடத் திறப்பதில்லை.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், மெதுவான குவெரிகளைப் பதியும் ஸ்லோ குவெரி லாக் தானாக ஓடாது, நாம்தான் போடவேண்டும். போட்டாலும், வரம்பை மாற்றாதவரை 10 விநாடியைத் தாண்டிய குவெரியைத்தான் அது பதியும். 9 விநாடி இழுப்பவன் யோக்கியன். இணைப்புகளின் இயல்பான உச்சவரம்பு 151. அடுத்து வரும் வாடிக்கையாளர் வாசலிலேயே திருப்பப்படுவார். அவர் போனில் திட்டுவதுதான் நம் முதல் அலர்ட்.

அந்த 10 விநாடியை 1 ஆக்குங்கள். நள்ளிரவில் அலர்ட் வந்தால் எழுந்திருக்க வேண்டியவர் பெயரை எழுதி ஒட்டுங்கள். டிவியைப் பிறகு வாங்கலாம்.