வெள்ளைக் கிண்ணத்துக்குப் பேர் வைக்கும் படலம்

ஏ ராசாத்தி, சுவிட்சர்லாந்துல பீச் மரத்துச் சருகைப் புரட்டினியாம், வெள்ளை வெளேர்னு ஒரு கிண்ணப் பூஞ்சை இருந்துச்சாம், அகலம் ஒரு மில்லிமீட்டராம், அது புது இனமாம். சந்தோசம். ஒரு மில்லிமீட்டருக்கு நீ போன்ல போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு மாடு கன்னுபோட்டுருச்சுன்னு ஊர்ல பேச்சு.

உன் தாத்தன் காலேஜ் தாவரவியல் லேபில ஸ்லைடு கழுவியே ரிட்டயர் ஆனவன். புரொபசர்மார் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னாடி சண்டை போட்டதைப் பின்னாடி நின்னு கேட்டவன். இப்ப என் கையிலயும் போன் இருக்கு. கட்டுரையெல்லாம் நீ மட்டும்தான் படிப்பேன்னு நினைச்சுக்காதே. அந்தத் தைரியத்துல புத்தி சொல்றேன்.

முதல் புத்தி: உடனே பேர் வச்சிரு. யோசிக்கவே யோசிக்காதே. யோசிச்சா, அது பழசுன்னு தெரிஞ்சு போகும்.

சிரிக்காதே தாயி. உன்னைவிடப் பெரிய கைகளே இதுல முழி பிதுங்கியிருக்கு. போலந்துல 1990கள் தொடக்கத்துல ஆஷ் மரங்க நுனியிலேர்ந்து காய ஆரம்பிச்சுது. எதனாலன்னு பிடிபடலே. கோவால்ஸ்கின்னு ஒருத்தர், காட்டு மரத்து நோயை ஆராயுறவர், பட்டுப்போன கிளையிலேர்ந்து பூஞ்சையை எடுத்து வளத்துப் பாத்து, 2006ல 'கலாரா ஃப்ராக்சினியா'ன்னு புதுப் பேர் வச்சாரு. அவர் பாத்தது ஆண் பெண் சேராத நிலை. அதுல கிண்ணமே கிடையாது. கிண்ணம் வேற இடத்துல, கீழே விழுந்து கருத்துப்போன போன வருசத்து இலைக்காம்புல, கோடையில வெள்ளையா எந்திரிக்குது. அதைப் பாத்துட்டு 2009ல அவரும் ஹோல்டன்ரீடர்ங்கிற இன்னொருத்தரும் சேந்து, 'அட, இது நம்ம ஹைமனோசைஃபஸ் ஆல்பிடஸ்தானே'ன்னு எழுதினாங்க.

இங்கேதான் வேடிக்கை. ஆல்பிடஸுங்கிறவன் பத்தொன்பதாம் நூற்றாண்டுலேர்ந்தே ஏட்டுல இருக்கிறவன். ஆஷ் மரத்துச் சருகைத் தின்னுட்டு, மரத்துக்கு ஒரு கெடுதலும் பண்ணாம, மூலையில கிடந்த சாது. தலைமுறை தலைமுறையா சும்மா கிடந்தவன் திடீர்னு எதுக்கு அரிவாளைத் தூக்கணும்? இந்தக் கேள்வியை எங்க லேபு அட்டெண்டரே கேப்பான். அவங்களும் கேட்டாங்க. டி.என்.ஏ.வைப் பிரிச்சுப் பாத்தா, உருவம் ஒண்ணு, ஆள் ரெண்டு. சாது வேற, கொலைகாரன் வேற. 2011ல அச்சான கட்டுரையில கொலைகாரனுக்கு 'ஹைமனோசைஃபஸ் சூடோஆல்பிடஸ்'னு பேர். புது இனம்! எல்லாரும் கைதட்டியாச்சு.

கைதட்டல் அடங்குறதுக்குள்ள ஜப்பான் பக்கம் பாத்தவங்க, 'இவனை எங்களுக்குத் தெரியுமே'ன்னாங்க. மஞ்சூரிய ஆஷ் இலையில பெரிசா ஒரு தொந்தரவும் இல்லாமக் குடியிருக்கிறவன். அங்கே 1993லயே 'லாம்பெர்டெல்லா ஆல்பிடா'ன்னு வேற ஒரு பேர்ல, தப்பான முகவரியில பதிஞ்சு வச்சிருந்தாங்க. கிழக்காசியாவுல அடங்கி இருந்தவன் ஐரோப்பாவுக்கு வந்து, பழக்கமில்லாத மரத்துல ஏறினதும் இலையோட நிக்காம, காம்பு வழியாக் கிளைக்குள்ள புகுந்துட்டான். அந்தப் பழைய சாது என்ன ஆனான்னு கேளு. டென்மார்க்குல தேடினவங்களுக்கு அவன் கிடைக்கவே இல்லே. பழியைச் சுமந்தவனும் அவன், காணாமப் போனவனும் அவன். இதுக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரலே.

அதோட முடிஞ்சுதா? ஒரு பூஞ்சைக்கு ஒரே பேர்தான் இருக்கணும்னு 2011ல மெல்போர்ன் மாநாட்டுல முடிவு பண்ணிட்டாங்க. அதனால முந்தின பேரான 2006ஓட பாதியைப் பிடிச்சு, 2014ல 'ஹைமனோசைஃபஸ் ஃப்ராக்சினியஸ்'னு தீர்ப்பு. எட்டு வருசத்துக்குள்ள ஒரே ஆளுக்கு இத்தனை பேர். ரேசன் கார்டா இருந்தா தாசில்தாரே ராஜினாமா பண்ணியிருப்பாரு.

இன்னொண்ணு கேட்டியா? உருவத்துல பிரிக்கவே முடியாதுன்னாங்களே, அப்புறம் உக்காந்து பாத்தா வித்தியாசம் இருந்துச்சு. எட்டு வித்துகளை வச்சிருக்கிற பை இருக்கே, அதோட அடியில ஃப்ராக்சினியஸுக்குக் கொக்கி உண்டு, ஆல்பிடஸுக்குக் கொக்கி கிடையாது. மெசின் சொன்னப்புறம்தான் கண்ணு தெரிஞ்சுது. அதனால உன் கிண்ணத்தோட அடிப்பையைப் பாத்தியான்னு கேக்கிறேன். பாக்கலேன்னு உன் மௌனத்துலயே தெரியுது.

அயோடின் ஊத்திப் பாத்தியா? பை நுனி நீலமாகுதா, ஆகலியா? ஊத்துறதா இருந்தா லூகால் கரைசலை ஊத்து. அலமாரியில மெல்சர் கரைசல் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கும், சோம்பேறிக்கு அதுதான் வசதி. ஆனா சில பூஞ்சையில லூகால் காட்டுற நிறத்தை மெல்சர் அமுக்கிரும். பாரல்னு ஒரு ஜெர்மானியர், மேலே சொன்ன 2014 தீர்ப்பு வந்த கட்டுரையிலயும் பேர் இருக்கிறவர், பல வருசமா இதையே சொல்லிட்டு வந்தாரு. 1992ல இன்னொண்ணும் எழுதினாரு: உசிரோட இருக்கும்போதே அள. செத்ததும் செல்லு சுருங்கிப்போகும், இழைக்குள்ள மினுங்குற உருண்டையெல்லாம் மறைஞ்சுபோகும். காஞ்சதை ஊறவச்சு அளந்துட்டு இனம் சொல்றது, வத்தலை ஊறவச்சுக் கத்தரிக்கா எத்தனை கிராம்னு கேக்கிற கதை. நீ உன் கிண்ணத்தைக் கவர்ல போட்டுக் காயவச்சிட்டுத்தானே எனக்கு போன் பண்ணினே?

கிண்ணத்தோட டி.என்.ஏ. வரிசையை ஜீன்பேங்க்ல தேடினேன், எதோடயும் ஒட்டலேன்னு பெருமைப்பட்டியே. ஒட்டலேன்னா ரெண்டு அர்த்தம்: ஒண்ணு, புதுசு. இல்லே, நூறு வருசத்துக்கு முன்னாடி எவனோ பிரெஞ்சுக்காரன் பேர் வச்சிட்டுப் போயிட்டான், அதுக்கு யாரும் டி.என்.ஏ. எடுக்கலே. ஐ.டி.எஸ்.ங்கிற டி.என்.ஏ. துண்டைப் பூஞ்சைகளுக்கான அடையாளமா முன்மொழிஞ்சதே 2012லதான். ஹெர்பேரியத்துல தூங்குற பழைய உறையையெல்லாம் பிரிச்சுப் பாத்துட்டு வா.

உன் காலத்துல சலுகையும் உண்டு. முன்னாடி புது இனத்தோட விவரத்தை லத்தீன்ல எழுதணும். 2012லேர்ந்து இங்கிலீசு போதும். 2013லேர்ந்து மைக்கோபேங்க் மாதிரி ஒரு பதிவகத்துல நம்பர் வாங்கணும். அப்புறம் ஹோலோடைப், அதான் மூல மாதிரி, காயவச்சு ஹெர்பேரியத்துல கொடுக்கணும். அளந்து முடிச்சப்புறம் காயவை, அதுக்கு நான் தடை சொல்லலே.

சோர்ந்து போயிடாதே. உலகத்துல 22 லட்சத்துலேர்ந்து 38 லட்சம் பூஞ்சை இனம் இருக்கும்னு 2017ல மதிப்புப் போட்டாங்க. அப்போ பேர் வச்சது ஒரு லட்சத்து இருபதாயிரம்தான். உன் கிண்ணம் நிசமாவே புதுசா இருந்தா நானே தெருவுக்கு மிட்டாய் கொடுக்கிறேன்.

ஆனா ஒண்ணு. பாசத்துல என் பேரை வச்சிராதே. நாளைக்கு அது பீச் மரத்தைக் கொல்லுதுன்னு தெரிஞ்சா, ஐரோப்பா முழுக்க என் பேரைச் சொல்லித் திட்டுவான். உங்க ஆச்சி பேரை வை. பொம்பளை பேருன்னா கடைசியில 'ஏ' சேக்கணுமாம். அவளைக் கூப்பிடுறப்ப நான் எப்பவும் முன்னாடி சேக்கிறதுதான்.