பன்னிரண்டு மாதத்து உண்டியல்

திருகோணமலை ஓர்ஸ் ஹில் பக்கம் நலன்புரிச் சங்கம் தொடங்க எண்ணமா? ஆண்டு நிதித் திட்டம் போடுவது பெரிய வித்தையல்ல. ஊரிடம் எப்போது காசிருக்காது என்று தெரிந்தால் போதும்.

ஜனவரியில் கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் களைத்த பெற்றோரிடம் போகாதீர்கள். மாசியில் சிவராத்திரி, கோணேசர் கோயில் உண்டியலோடு போட்டி போட்டு எந்தச் சங்கம் வென்றது? சித்திரையில் மிஞ்சியதெல்லாம் கைவிசேடமாகப் போய்விடும்.

மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. நிலாவெளிக்கு வெள்ளைக்காரரும், கோடை விடுமுறைக்குக் கனடா, லண்டன் சொந்தங்களும் வருவார்கள். கலைமாலை, நடைபவனி, நினைவு மலர் விளம்பரம் எல்லாம் ஓகஸ்டிலேயே முட்டிமோதும். மாமா சூட்கேசைத் திறக்குமுன் நம் பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுவார்.

ஒக்டோபர் கடந்தால் வாடை மழை; நடைபவனி நனைபவனியாகும். டிசம்பர் 26 சுனாமி நினைவு நாள்; அன்று உண்டியல் நீட்ட மனம் வராது. 2004இன் அழிவுக்குப் பிறகு வந்த வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் பல, திட்டக் காலம் முடிந்ததும் மூட்டை கட்டின. பெரிய பெயர்ப்பலகை வைக்கும் கலையை மட்டும் நாம் விடாமல் பிடித்துக்கொண்டோம்.

இப்படி எப்போது கேட்பது, எப்போது கேளாதிருப்பது என்று பன்னிரண்டு மாதத்துக்கும் திட்டமுண்டு. கணக்குக் காட்டத்தான் மாதமில்லை. தலைவர் ஐயா, அந்த மாதத்தை முதலில் குறியுங்கள். மற்றப் பதினொரு மாதமும் சனம் கேளாமலே தரும்.